பெயர் வைத்தவருக்கே அந்தப் பெயர் இல்லாமல் போனது: சுப்ரீம்ஸ் குழுவைத் தொடங்கிய ஃபுளோரன்ஸ் பேலார்ட்

சுங்கை வே – 1970களின் தொடக்கத்தில் சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி ஷிப்ட் வேலைக்கு வரத் தொடங்கினர். பால்மரம் சீவிய தாய்மாரின் மகள்கள் நீண்ட மேசைகளின் முன் வரிசையாக உட்கார்ந்தனர். ஒருவர் ஒரு பாகத்தைப் பொருத்துவார், பக்கத்தில் இருப்பவர் அடுத்த பாகத்தைப் பொருத்துவார். கடைசியில் ஒருவர் சோதித்துப் பார்த்து அனுப்புவார். பெட்டியில் போகும் பொருளின் மீது நிறுவனத்தின் பெயர் இருக்கும். பொருத்திய கைகளின் பெயர் இருக்காது.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒருவர் இதே முறையில் பாட்டுத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். கார் தொழிற்சாலையில் வேலை செய்த பெரி கோர்டி என்ற அந்த இளைஞர், வரிசையின் ஒரு முனையில் வெறும் இரும்பாக நுழைவது மறுமுனையில் பளபளக்கும் காராக வெளியேறுவதைப் பார்த்தவர். பாட்டையும் பாடகரையும் அப்படியே உருவாக்க முடியும் என்று நினைத்தார். 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார். அதுவே பின்னாளில் உலகம் அறிந்த மோட்டவுன் நிறுவனம்.

அந்த வரிசையிலிருந்து வெளிவந்தவர்களில் மிகப் பெரிய வெற்றி பெற்றவர்கள் மூன்று பெண்கள் சேர்ந்த சுப்ரீம்ஸ் குழுவினர். அவர்களில் டயானா ரோஸைத் தெரியாதவர் குறைவு. ஆனால் அந்தக் குழுவைச் சேர்த்தவரும் அதற்குப் பெயர் தேர்ந்தெடுத்தவரும் வேறொருவர். அவர் ஃபுளோரன்ஸ் பேலார்ட். 1976-ஆம் ஆண்டு தமது 32-ஆவது வயதில் அவர் இறந்தார்.

கார் நகரத்துப் பெண்

ஃபுளோரன்ஸ் 1943-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி டெட்ராய்ட்டில் பிறந்தார். பெற்றோருக்கு மொத்தம் 13 பிள்ளைகள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்திக் காட்டு வேலையையும் இனவெறியையும் விட்டு, வடக்கே தொழிற்சாலை வேலை தேடிப் போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் பேலார்ட் குடும்பமும் ஒன்று. தந்தை ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தில் தொழிலாளி. கித்தார் வாசிக்கத் தெரிந்தவர். மகளுக்குப் பாட்டின் மீது ஆசை வந்தது அவரிடமிருந்துதான்.

டெட்ராய்ட்டில் உருண்ட கார்களுக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார் பெருகப் பெருகத்தான் இங்கே ரப்பர் காடுகள் பெருகின. டயருக்கான ரப்பரைப் பெருமளவில் வாங்கிய நாடு அமெரிக்கா. சிலாங்கூர் தோட்டங்களில் விடியற்காலையில் பால் எடுத்தவர்களும், டெட்ராய்ட் தொழிற்சாலைகளில் கார் பூட்டியவர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே தொழிலின் இரு முனைகளில் நின்றவர்கள். சொந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் என்பதிலும் இரு தரப்பும் ஒன்றே.

பேலார்ட் குடும்பம் புரூஸ்டர்-டக்ளஸ் என்ற அரசாங்கக் குடியிருப்பில் வசித்தது. நம் ஊரில் மலிவு விலை அடுக்குமாடி என்றால் எப்படி ஒரு படம் மனத்தில் எழுமோ, அப்படிப்பட்ட இடம். கூட்டம் நிறைந்த வீடுகள், படிக்கட்டில் பாட்டுப் பாடும் பிள்ளைகள், ஞாயிறு என்றால் தேவாலயம். ஃபுளோரன்ஸின் குரல் கனமானது. தேவாலயப் பாடல் பாடிப் பழகிய குரல். செம்பட்டை கலந்த தலைமுடி என்பதால் தோழிகள் அவரை பிளாண்டி என்று செல்லமாக அழைத்தனர். 1959-இல், அவருடைய பதினைந்து பதினாறு வயதில், தந்தை புற்றுநோயால் காலமானார். தாய் தனியாக அத்தனை பிள்ளைகளையும் வளர்க்க வேண்டியதாயிற்று.

பள்ளிப் பெண்கள் பாட வந்த காலம்

அப்போது ராக் அண்ட் ரோல் இசை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எல்விஸ் பிரெஸ்லி, சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் என்று மேடையை ஆண்களே பிடித்திருந்தனர். தெருமுனையில் நின்று நான்கைந்து பேர் சேர்ந்து பாடும் குழுக்களிலும் பையன்களே அதிகம்.

மாற்றம் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தது. நியூயார்க்கில் கத்தோலிக்கப் பள்ளிப் பாடகர் குழுவில் பாடிய ஐந்து பெண்கள் சாண்டல்ஸ் என்ற பெயரில் 1958-இல் புகழ் பெற்றனர். நியூஜெர்சியின் பஸாயிக் நகரில் நான்கு பள்ளித் தோழிகள் ஷிரெல்ஸ் என்ற குழுவானார்கள். அவர்களுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார்தான் அவர்களுக்காக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். 1961 ஜனவரியில் ஷிரெல்ஸின் பாடல் அமெரிக்காவின் முதன்மைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

அதன் பிறகு கதவு திறந்தது. கிரிஸ்டல்ஸ், ரோனெட்ஸ், சிஃபான்ஸ், மார்வலெட்ஸ் என்று குழுக்கள் அணிவகுத்தன. இவர்கள் பாடியது பதின்ம வயதுப் பெண்ணின் மனத்தை. காத்திருப்பு, சந்தேகம், அம்மாவுக்குத் தெரியாத காதல். அதுவரை ஆண்கள் பெண்களைப் பற்றிப் பாடினார்கள். இப்போது பெண்களே தங்களைப் பற்றிப் பாடினார்கள். பீட்டில்ஸ் குழுவினர்கூட 1963-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் ஷிரெல்ஸின் இரு பாடல்களையும், இரண்டாவது இசைத்தட்டில் மார்வலெட்ஸின் பாடலையும் எடுத்துப் பாடினார்கள்.

தமிழ்த் திரையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு மாற்றம் நடந்தது. சென்னை ஸ்டூடியோக்களில் கோரஸ் பாடிய தாயுடன் போய், தாமும் கோரஸில் நின்ற எல்.ஆர்.ஈஸ்வரி, 1961-இல் வெளிவந்த பாசமலர் படத்தின் திருமணப் பாடலால் வீடுதோறும் அறிமுகமானார். மணப்பெண்ணைச் சூழ்ந்து தோழிகள் பாடும் அந்தப் பாடல் இல்லாமல் மலேசியத் தமிழர் திருமணம் இன்றும் அபூர்வம். பின்வரிசையில் நிற்கும் பெண்குரல் முன்னுக்கு வர முடியும் என்பதற்கு அது நம் பக்கத்துச் சான்று. டெட்ராய்ட்டில் ஃபுளோரன்ஸின் வாழ்க்கை நேர்மாறாகப் போனது. முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட குரல் அவருடையது.

நால்வர் மூவரானது

1959-இல் டெட்ராய்ட்டில் பிரைம்ஸ் என்ற ஆண்கள் குழு பாடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் சிலர் பின்னர் டெம்ப்டேஷன்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவுக்குப் போனார்கள். அந்தக் குழுவின் மேலாளர் மில்டன் ஜென்கின்ஸ், அதற்குத் தங்கைக் குழுவாகப் பெண்கள் குழு ஒன்றைச் சேர்க்க விரும்பினார். அவர் முதலில் கண்டது ஃபுளோரன்ஸை. ஃபுளோரன்ஸ், பள்ளி மேடையில் சந்தித்துப் பழகிய மேரி வில்சனை அழைத்து வந்தார். பெட்டி மெக்லோன் என்ற பெண்ணும், அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்த டயானா ரோஸும் சேர்ந்தனர். குழுவின் பெயர் பிரைமெட்ஸ்.

1960-இல் அவர்கள் மோட்டவுனில் குரல் தேர்வுக்குப் போனார்கள். பெரி கோர்டி அவர்களைப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். அவர்கள் விடவில்லை. பள்ளி விட்டதும் மோட்டவுன் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தனர். பிறர் பாடும் பாட்டுக்குக் கை தட்டினார்கள், பின்னணியில் குரல் கொடுத்தார்கள். தினமும் வந்து நிற்கும் பிள்ளைகளை அங்கிருந்தவர்கள் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டனர்.

அந்த 1960-இல்தான் ஃபுளோரன்ஸின் வாழ்வில் ஆறாத காயம் ஏற்பட்டது. நடன நிகழ்ச்சி ஒன்றை முடித்து வீடு திரும்ப வேண்டிய இரவில், கத்தி முனையில் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அப்போது அவருக்கு வயது 17. வீட்டார் அவரைச் சில வாரங்கள் வெளியே விடவில்லை. நடந்ததைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. மருத்துவ ஆலோசனை, மனநல உதவி என்ற பேச்சே அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு எட்டாத ஒன்று. கலகலப்பாகப் பேசிச் சிரித்த பெண் அதன் பிறகு எளிதில் யாரையும் நம்பாதவராக மாறினார் என்று மேரி வில்சன் பின்னாளில் தமது வாழ்க்கை நூலில் பதிவு செய்தார். பிற்காலத்தில் ஃபுளோரன்ஸின் கோபத்தையும் குடியையும் குறை சொன்னவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

அதே காலத்தில் பெட்டி திருமணத்திற்காக விலகினார். பார்பரா மார்ட்டின் அவருடைய இடத்துக்கு வந்தார். 1961 ஜனவரியில் மோட்டவுன் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஆனால் பிரைமெட்ஸ் என்ற பெயர் வேண்டாம் என்று கோர்டி கூறிவிட்டார். மாற்றுப் பெயர்கள் ஒரு தாளில் எழுதப்பட்டு ஃபுளோரன்ஸின் கைக்கு வந்தன. அவர் சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். மற்றப் பெண்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஆண்கள் குழு என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். ஆனாலும் அந்தப் பெயரே நின்றது. உன்னதமானவர்கள் என்று பொருள்படும் அந்தச் சொல்லை, அரசாங்க அடுக்குமாடியிலிருந்து வந்த 17 வயதுப் பெண் தமக்காகத் தேர்ந்தெடுத்தார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அவர்கள் வயது நிரம்பாதவர்கள். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தத் தாள்களைப் படித்து விளக்கிச் சொல்லத் தனி வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் வசதி அந்தக் குடும்பங்களுக்கு இல்லை.

வெற்றியும் அதன் விலையும்

முதல் மூன்று ஆண்டுகள் தோல்வியே. வெளியிட்ட பாடல்கள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. மோட்டவுன் வட்டாரத்தில் அவர்களை வெற்றியில்லா சுப்ரீம்ஸ் என்று கேலி செய்யும் அளவுக்குப் போனது. அந்தத் தொடக்கக் காலத்தில் முன்னணிக் குரலை மூவரும் நால்வருமாகப் பகிர்ந்துகொண்டனர். 1961-இல் வந்த பட்டர்ட் பாப்கார்ன் பாடலில் முன்னணிக் குரல் ஃபுளோரன்ஸுடையது. 1962-இல் பார்பரா விலக, குழு மூவராயிற்று. அதே ஆண்டு மார்வலெட்ஸ் குழுவில் ஒருவர் மகப்பேற்று விடுப்பில் இருந்தபோது, அவருக்குப் பதிலாக ஃபுளோரன்ஸ் அவர்களுடன் சுற்றுப்பயணம் போய் வந்தார்.

1962 இறுதியில் மோட்டவுன் கலைஞர்கள் எல்லாரும் ஒரே பேருந்தில் தென்மாநிலங்களுக்குப் போனார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய உணவகங்கள், கழிப்பிடங்கள். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் அந்தப் பேருந்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்தது. பெற்றோர் எதை விட்டு வடக்கே ஓடினார்களோ, அதைப் பிள்ளைகள் பாட்டுப் பாடப் போய்ப் பார்த்தார்கள்.

1963 இறுதிக்குள் கோர்டி ஒரு முடிவுக்கு வந்தார். குழுவின் முன்னணிக் குரல் இனி டயானா ரோஸ் மட்டுமே. ஃபுளோரன்ஸின் குரல் கனமும் வலிமையும் கொண்டது. ஒலிப்பதிவில் அவரை மைக்கிலிருந்து தள்ளி நிற்கச் சொல்வார்கள் என்று உடன் பாடியவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். டயானாவின் குரல் மெல்லியது, வானொலியில் தனித்துக் கேட்கும். கறுப்பின ரசிகர், வெள்ளையின ரசிகர் என்று பாராமல் எல்லாரிடமும் விற்பனை செய்ய நினைத்த நிறுவனத்துக்கு அது பொருந்தியது. வணிகக் கணக்கில் முடிவு தவறவில்லை.

1964 ஏப்ரலில் பதிவான வேர் டிட் அவர் லவ் கோ என்ற பாடல், மார்வலெட்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கியது. சுப்ரீம்ஸுக்கும் அதில் விருப்பமில்லை. அந்த ஆண்டுக் கோடையில் பல கலைஞர்களுடன் பேருந்துப் பயணம் புறப்பட்டபோது விளம்பரத்தில் அவர்களுடைய பெயர் அடியில் இருந்தது. பயணம் முடியும்போது அந்தப் பாடல் பட்டியலில் ஏறி, பெயர் மேலே போயிருந்தது. 1964 ஆகஸ்டில் முதலிடம். தொடர்ந்து அடுத்த நான்கு பாடல்களும் முதலிடம். பீட்டில்ஸ் அலையில் அமெரிக்கப் பாடகர்கள் பலர் காணாமல் போன ஆண்டு அது. பெண்கள் குழுக்களில் பெரும்பாலானவை அந்த அலையில் அடிபட்டுப் போயின. எதிர்த்து நின்றவர்கள் இந்த மூவர்.

1964 டிசம்பர் 27-இல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினர். அமெரிக்கா முழுவதும் பார்த்த நிகழ்ச்சி அது. பளபளக்கும் கவுன், அளந்து வைத்த அடி, ஒரே நேரத்தில் அசையும் மூன்று கைகள். அந்த நடையும் பேச்சும் தாமாக வந்தவை அல்ல. மோட்டவுனில் மேக்சின் பவல் என்ற ஆசிரியை எப்படி உட்கார்வது, எப்படிக் காரிலிருந்து இறங்குவது என்றுகூடப் பாடம் நடத்தினார். நடன அசைவைச் சோலி அட்கின்ஸ் கற்றுக்கொடுத்தார். பணிப்பெண் வேடத்தைத் தவிர வேறு எதிலும் கறுப்பினப் பெண்களை அதிகம் காட்டாத தொலைக்காட்சியில், இவர்கள் அரசிகள்போல் நின்றனர். அதைப் பார்த்த ஏழை வீட்டுச் சிறுமிகளுக்கு அது வெறும் பாட்டல்ல.

1965-இல் நியூயார்க்கின் கோப்பகபானா கேளிக்கை விடுதியில் பாடினர். 1966 அக்டோபரில் அவர்களுடைய இசைத்தட்டு, பீட்டில்ஸின் இசைத்தட்டைக் கீழிறக்கி, ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. ஃபுளோரன்ஸ் குழுவில் இருந்த காலத்தில் மட்டும் பத்துப் பாடல்கள் முதலிடம் பெற்றன. மூவரும் டெட்ராய்ட்டின் பியூனா விஸ்டா தெருவில் ஆளுக்கொரு வீடு வாங்கினர். ஃபுளோரன்ஸ் தம் தாயையும் உடன்பிறந்தாரையும் அடுக்குமாடியிலிருந்து வெளியே கொண்டுவந்தார்.

பணம் எங்கே போனது என்பது வேறு கதை. ஒலிப்பதிவு, உடை, பயணச் செலவுகளைக் கழித்துக்கொண்ட பிறகே அவர்களுடைய பங்கு கணக்கிடப்பட்டது. வருமானம் நிறுவனத்தின் மேற்பார்வையில் இருந்த கணக்கில் வைக்கப்பட்டு, கைச்செலவுக்கு வாராவாரம் ஒரு தொகை தரப்பட்டது. எவ்வளவு வருகிறது, எவ்வளவு கழிகிறது என்ற கணக்கு அவர்கள் கையில் இல்லை. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழித்தது போக மீதியை வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மேடையிலிருந்து இறக்கப்பட்ட நாள்

வெற்றி வளர வளர ஃபுளோரன்ஸின் இடம் சுருங்கியது. மேடையில் அவர் தனியாகப் பாடும் ஒன்றிரண்டு பாடல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று பின்னர் டயானாவுக்குப் போனது. ரசிகர்களைச் சிரிக்க வைக்கும் கிண்டல் வசனம் அவருக்கு மிஞ்சியது. தாம் சேர்த்த குழுவில் தாம் துணைக்குரல் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஓய்வில்லாத பயணம், அடக்கி வைத்த பழைய காயம், மன அழுத்தம் எல்லாம் சேர்ந்து குடிப்பழக்கமாயின. உடல் பருத்தது. நிகழ்ச்சிகளுக்குத் தாமதமாக வந்தார், சிலவற்றுக்கு வரவே இல்லை. குற்றம் முழுவதும் நிறுவனத்தின் பக்கம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது சிகிச்சை. கிடைத்தது எச்சரிக்கை.

1967 ஏப்ரலில் ஹாலிவுட் பௌல் அரங்கில் அவருக்குப் பதிலாக சிண்டி பேர்ட்சாங் பாடினார். ஜூன் இறுதியில் லாஸ் வேகஸ் பிளமிங்கோ விடுதியில் நிகழ்ச்சி தொடங்கியபோது விளம்பரப் பலகையில் குழுவின் பெயர் மாறியிருந்தது. டயானா ரோஸின் பெயர் தனியே முன்னால், சுப்ரீம்ஸ் பின்னால். சில நாளில் ஃபுளோரன்ஸ் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 24 வயது நிரம்பிய அதே வாரம். உடல் சோர்வினால் ஓய்வு என்று வெளியே சொல்லப்பட்டது. ஜூலை மாதக் கடைசியில் டெட்ராய்ட் நகரமே இனக் கலவரத்தில் எரிந்தது.

1968 பிப்ரவரியில் மோட்டவுனுடன் கணக்குத் தீர்க்கப்பட்டது. அவருக்குக் கிடைத்தது 139,804 டாலர். அத்தனை வெற்றிக்கும் சேர்த்து முழுமையான, இறுதியான தொகை. அதற்கு ஈடாக அவர் விட்டுக்கொடுத்தவற்றில் ஒன்று பெயர். இனி தனியாகப் பாடும்போது, முன்னாள் சுப்ரீம்ஸ் என்று விளம்பரம் செய்யக்கூடாது. ஏழு ஆண்டுகளுக்கு முன் தாளிலிருந்து தாமே தேர்ந்தெடுத்த சொல்லைத் தமக்கே பயன்படுத்தத் தடை.

அதே பிப்ரவரியில் மோட்டவுனில் காரோட்டியாக இருந்த தாமஸ் சாப்மனை மணந்தார். ஏபிசி இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1968-இல் இரண்டு பாடல்கள் வெளிவந்தன. தம்மை யாரென்று சொல்லிக்கொள்ள முடியாத பாடகியின் பாடல்கள் விற்கவில்லை. பதிவான ஆல்பம் வெளியிடப்படாமல் கிடப்பில் போடப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தனர். பின்னர் மூன்றாவதாக ஒரு மகள்.

கையில் வந்த பணமும் நிற்கவில்லை. அவர் நம்பி ஒப்படைத்த வழக்கறிஞரின் கைவழியே பெரும்பகுதி கரைந்தது. அவர்மீது வழக்குப் போட வேண்டிய நிலை. 1971-இல் மோட்டவுன் மீதும் வழக்குத் தொடுத்தார். கையெழுத்திட்ட ஒப்பந்தம் செல்லும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. கணவர் பிரிந்தார். கடன் கட்ட முடியாமல் பியூனா விஸ்டா வீடு ஏலத்துக்குப் போனது. மூன்று பிள்ளைகளுடன் அரசாங்க உதவித்தொகையில் வாழ வேண்டியதாயிற்று. 1975-இல் இச்செய்தி நாளேடுகளில் வந்தபோது அமெரிக்கா அதிர்ந்தது. அப்போதும் வானொலியில் அந்தப் பத்துப் பாடல்கள் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன.

மீண்டும் ஒரு மேடை

1975 அவருக்கு மீண்டும் நம்பிக்கை தந்த ஆண்டு. பழைய வழக்கறிஞரின் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு தொகை கிடைத்தது. புதிய வீடு வாங்கினார். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றார். கணவரும் திரும்பி வந்தார்.

அந்த ஜூன் மாதம் டெட்ராய்ட்டின் ஃபோர்டு அரங்கில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சி. சிறையில் தம்மிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற காவலரைக் கொன்றதாக வழக்கை எதிர்கொண்டிருந்த ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண்ணுக்காக நடந்தது அது. அதில் ஃபுளோரன்ஸ் பாடினார். 17 வயதில் தமக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச யாரும் இல்லாமல் போன பெண், 32-ஆவது வயதை எட்டும் நேரத்தில் இன்னொரு பெண்ணுக்காக மேடையேறினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுபடி பாடச் சொல்லிக் கேட்டது. செய்தியாளர்கள் மீண்டும் அவரைத் தேடி வந்தனர்.

ஆனால் உடல் இடம் கொடுக்கவில்லை. 1976 பிப்ரவரி 21-இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மறுநாள் காலை உயிர் பிரிந்தது. இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் ஏற்பட்ட இரத்தக்கட்டியே காரணம்.

டெட்ராய்ட்டின் நியூ பெத்தெல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. தெருவெங்கும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். டயானா ரோஸும் மேரி வில்சனும் வந்தனர். ஃபோர் டாப்ஸ் குழுவினர் சவப்பெட்டியைச் சுமந்தனர். ஃபுளோரன்ஸின் மூன்று மகள்களுக்காக டயானா ரோஸ் அறக்கட்டளை நிதி ஏற்படுத்தினார்.

பின்னர் வந்த அங்கீகாரம்

1981-இல் நியூயார்க் பிராட்வே மேடையில் டிரீம்கேர்ள்ஸ் என்ற இசை நாடகம் அரங்கேறியது. மூன்று பெண்கள் சேர்ந்த பாடல் குழு, அதில் பெரிய குரல் கொண்ட பெண் ஓரங்கட்டப்படும் கதை. பார்த்தவர்களுக்கு ஃபுளோரன்ஸ் நினைவுக்கு வந்தார். 2006-இல் அது திரைப்படமானது. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜெனிஃபர் ஹட்சனுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அதற்கு முன் பெற்ற கோல்டன் குளோப் விருதை அவர் ஃபுளோரன்ஸ் பேலார்டுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1988-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சுப்ரீம்ஸ் சேர்க்கப்பட்டபோது, ஃபுளோரன்ஸின் பெயரும் இடம்பெற்றது. ஒப்பந்தம் பறித்த பெயர் அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது.

இந்தக் கதை சுங்கை வேயிலும் கிள்ளானிலும் இருப்பவர்களுக்கு அந்நியமானதல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் ஒரு தாளில் ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டு வெளியேறினார்கள். பலருக்கு அந்தத் தாளில் இருந்தது என்னவென்று தெரியாது. தொழிற்சாலை மூடும்போது இழப்பீட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களும் உண்டு. இன்று சமூக ஊடகத்தில் பாடிப் புகழ்பெறும் நம் பிள்ளைகள், குரலையும் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதிக் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளாவது கேட்க வேண்டும். செலவு போக என் பங்கு எவ்வளவு? நான் விலகினால் என் பெயர் யாருக்கு?

இந்த இரண்டையும் கேட்டுச் சொல்ல 1961-இல் ஃபுளோரன்ஸ் பேலார்டின் பக்கத்தில் யாரும் இல்லை. கணவரை இழந்து நின்ற ஒரு தாயும், பாட வேண்டும் என்ற ஆசையும் மட்டுமே இருந்தன. அவர் தேர்ந்தெடுத்த பெயர் இன்றும் உலகம் முழுவதும் ஒலிக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போது, அதைத் தாளிலிருந்து தேர்ந்தெடுத்த அடுக்குமாடிப் பெண்ணையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நியாயம்.